விதையைக் குறைசொல்ல முன்: களிமண்ணும் முளையும்

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு எமது சங்கம் ஒழுங்குசெய்த உரைத்தொடரில், சங்கத்தின் வீட்டுத்தோட்டக் குழுவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டின் நினைவாகக் கல்லூரியில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும், தூர இடங்களில் வாழும் பழைய மாணவிகளின் வீடுகளுக்கும் ஒரு விதைப் பொதி கொடுப்பது என்று சங்கம் தீர்மானித்திருக்கிறது. பயறு, உழுந்து, கச்சான், வெண்டி, கத்தரி, மிளகாய் ஆகியன அந்தப் பொதியில் இருக்கும். பொதியோடு ஒரு சிறு துண்டுப் பிரசுரமும் வைக்க வேண்டும், அதை எழுதித் தாருங்கள் என்று எமது குழுவிடம் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தபோது, ஒரு விடயம் துண்டுப் பிரசுரத்துக்குள் அடங்காது என்று கண்டோம். அதைத்தான் இன்று உங்கள் முன் விரித்துச் சொல்ல வந்திருக்கிறோம்.

விதை கொடுப்பது இலகு. அது நிலத்தைப் பிளந்து வெளியே வருவதுதான் பாடு. போட்ட விதை முளைக்காவிட்டால் எங்கள் ஊர்களில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் கடைக்காரரைத் திட்டுவார்கள். அடுத்ததாக, போட்டவளின் கையைச் சொல்வார்கள். "அவளுக்குக் கைராசி இல்லை" என்பார்கள். "துடக்கோடு தொட்டிருப்பாள்" என்று சொல்லும் வாய்களும் இன்னும் இருக்கின்றன. கணவனை இழந்து, தனியே குடும்பத்தைக் கொண்டு நடத்தும் ஒரு பெண்ணின் தோட்டத்தில் இது நடந்தால் அந்தப் பேச்சு இன்னும் கூர்மையாக விழும். விதைக்குக் கொடுத்த காசும் போய், அந்தப் போகமும் பிந்தி, பழியும் அவள் தலையில் ஏறும். மண்ணின் மேல் இரண்டு சென்ரிமீற்றரில் நடந்த ஒரு காரியத்துக்கு ஒரு பெண் பழி சுமக்கிறாள். ஆகவே இந்த உரை மண்ணைப் பற்றியதாக இருந்தாலும், மண்ணைப் பற்றியது மட்டும் அல்ல.

எங்களில் பலர் வலிகாமத்துச் செம்மண்ணில் பிறந்து வளர்ந்தவர்கள். தறை கொத்துவதும், இறைப்பதும், பாத்தி கட்டுவதும் பார்த்துப் பழகிய கைகள். செம்மண்ணிலும் களி உண்டு. ஆனால் அதிலுள்ள இரும்பு ஒக்சைட்டு அந்தக் களியைச் சிறு சிறு மணிகளாகப் பிடித்து வைத்திருக்கிறது. கீழே சுண்ணக்கல், தண்ணீர் தங்காமல் இறங்கிவிடும். இன்று இறைத்தால் நாளையோ மறுநாளோ மண்வெட்டி போடலாம். அந்தப் பழக்கத்தோடு மணமுடித்தோ, உத்தியோகத்துக்கோ, குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்தோ வன்னிக்குப் போனவர்கள் முதற் போகத்திலேயே திகைத்துப் போவார்கள். அங்கே வயற்பள்ளங்களில் ஈரம் தங்கும் களிமண். மேட்டில் செங்கபில மண். நனைந்தால் ஒட்டும், காய்ந்தால் கல். மன்னார் முருங்கன் பக்கம் போனால் குருமுசோல் எனப்படும் கருங்களிமண். மாரியில் ஊதிப் பருக்கும், கோடையில் கை நுழையுமளவுக்கு வெடிக்கும். செம்மண்ணின் நாட்காட்டியைக் கொண்டுபோய் அந்த மண்ணில் வைத்தால் சரிவராது.

களி என்பது மிகச் சிறிய துணிக்கை. 0.002 மில்லிமீற்றரிலும் சிறியது. ஒரு மில்லிமீற்றர் நீளத்துக்குள் 500 துணிக்கைகளை வரிசையாக வைக்கலாம். அவை மணலைப் போல உருண்டையானவை அல்ல, தட்டுத் தட்டானவை. அந்தத் தட்டுகளின் மேல் எதிரேற்றம் இருப்பதால் பொட்டாசியம், கல்சியம், மகனீசியம் போன்ற போசணைகள் அவற்றில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மழையோடு கழுவுண்டு போகா. தண்ணீரையும் மணலைவிடப் பலமடங்கு பிடித்து வைக்கும். எனவே களிமண் ஏழை மண் அல்ல. சேமிப்பு நிறைந்த மண். அதில் வேர்விட்டு நின்ற பயிர் கோடையைத் தாங்கும். குறை எங்கே என்றால், அந்தத் தட்டுகள் தனித்தனியே பிரிந்து நெருக்கமாகப் படிந்தால் இடையில் காற்றுக்கும் வழியில்லை, முளைக்கும் வழியில்லை. அதே தட்டுகள் பயறளவு மணிகளாகத் திரண்டு நின்றால், மணிக்குள் ஈரமும் மணிக்கு மணி இடையில் காற்றும் இருக்கும். மண்ணின் கட்டமைப்பு என்று பாடப் புத்தகத்தில் சொல்வது இந்தத் திரட்சியைத்தான். களியின் அளவை நாம் மாற்ற முடியாது. திரட்சியை மாற்றலாம். இந்த உரை முழுவதும் இந்த ஒரு வரிக்கு விளக்கம்தான்.

இனி விதையின் பக்கம் வருவோம். பயறையும் உழுந்தையும் கௌபியையும் பாருங்கள். இவை தரைக்கு மேல் முளைப்பவை. வேர் முதலில் கீழே இறங்கும். பிறகு தண்டு கொக்கிபோல வளைந்து, தன் இரண்டு வித்திலைகளையும் பின்னால் இழுத்துக்கொண்டு மேலே வரும். ஒல்லியான ஒரு கழுத்து, அகலமான ஒரு சுமையைத் தூக்க வேண்டும். மேலே மண் இறுகியிருந்தால் கழுத்து முறியும். சோளன் அப்படியல்ல, வித்தைக் கீழே விட்டுவிட்டு, ஈட்டிபோலக் கூரிய உறையோடு குத்திக்கொண்டு வரும். அதனால் ஒரே நிலத்தில் சோளன் வந்து பயறு வராமல் நிற்பதைக் காணலாம். வெங்காய விதை ஊசியை மடித்ததுபோல வளைந்து வரும். பலம் மிகக் குறைவு. மிளகாயும் கத்தரியும் சின்ன வித்துகள். சேமித்து வைத்த உணவும் சின்னது. வெளிச்சத்தைக் காணும்வரை முளைக்குக் கையில் இருக்கும் காசு அந்தச் சேமிப்பு மட்டுமே. வழி நீண்டால், அல்லது வாசல் பூட்டியிருந்தால், காசு முடிந்துவிடும்.

அந்த வாசலைப் பூட்டுவது மேற்பொருக்கு. அது எப்படி உண்டாகிறது? ஐப்பசி, கார்த்திகையில் விழும் இடிமழையின் பெரிய துளி ஒன்று ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 9 மீற்றர் வேகத்தில் நிலத்தை அடிக்கிறது. மூடாத மண்ணில் அந்த அடி விழும்போது மணிகள் உடைகின்றன. அதோடு, நன்றாகக் காய்ந்த மண்கட்டிக்குள் தண்ணீர் திடீரென்று புகும்போது உள்ளே அகப்பட்ட காற்று அந்தக் கட்டியை வெடிக்க வைக்கிறது. உடைந்த நுண்துணிக்கைகள் ஓடிப்போய் இடைவெளிகளை அடைக்கின்றன. பிறகு இரண்டு நாள் வெயில் எறித்தால் மேலே ஓடு கட்டிவிடும். அந்த ஓடு சில மில்லிமீற்றர் தடிப்பாக இருந்தாலே பயறின் கழுத்துக்குப் பாரம். வாளியால் ஓங்கி ஊற்றினாலும், குழாயைப் பாத்தியில் பாய விட்டாலும் இதே காரியம்தான் நடக்கும்.

வயல் நிலத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. நெல்லுக்காகச் சேற்றுழவு செய்யும்போது, தண்ணீர் கீழே இறங்கக்கூடாது என்பதற்காகவே மண்ணின் திரட்சியை நாம் வேண்டுமென்று குலைக்கிறோம். நெல்லுக்கு அது நல்லது. ஆனால் காலபோக நெல்லை அறுத்த கையோடு, மிஞ்சிய ஈரத்தை நம்பிப் பயறோ உழுந்தோ எள்ளோ போடும்போது, நெல்லுக்காகக் குலைத்த மண் காய்ந்து இறுகிக் காத்திருக்கிறது. ஒரே நிலம், இரண்டு பயிர், இரண்டுக்கும் வேண்டியது எதிரெதிர். இதைப் புரிந்துகொண்டால் சிறுபோகத்தில் ஏன் முளை குறைகிறது என்பதில் பாதி விளங்கிவிடும்.

முளைக்கவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது பழி சொல்வது அல்ல, கிளறிப் பார்ப்பது. பயறு நாலைந்து நாளில் தலைகாட்ட வேண்டும். ஒரு வாரமாகியும் வராவிட்டால் நாலு இடத்தில் விரலால் மெதுவாகக் கிளறுங்கள். வித்து போட்டபடியே காய்ந்து கிடந்தால் ஈரம் போதவில்லை. ஊதி அழுகி நாறினால் தண்ணீர் கூடிக் காற்று இல்லாமல் போயிருக்கிறது. வித்தே இல்லையென்றால் எறும்போ, அணிலோ, பறவையோ. முளை வந்து, மஞ்சளாக, சுருண்டு, மேலோட்டுக்குக் கீழே படுத்துக் கிடந்தால் குற்றவாளி பொருக்கு. இந்த நாலும் நாலு வேறு வருத்தங்கள். நாலுக்கும் ஒரே மருந்து இல்லை.

விதையில் சந்தேகம் இருந்தால் போடுவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ளலாம். 100 விதையை எண்ணி ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். சாக்கு காயாமல் தெளித்து வாருங்கள். பயறென்றால் மூன்று நாலு நாளில் எண்ணிப் பார்க்கலாம். 80க்கு மேல் முளைத்தால் விதை நல்லது. அதற்குப் பிறகு நிலத்தில் வராவிட்டால் கடைக்காரரையும் விட்டுவிடுங்கள், கைராசியையும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது மண்ணைக் கேட்பது. இங்கே மேசையில் மூன்று கண்ணாடிக் கிளாசுகள் வைத்திருக்கிறோம். உரை முடிந்ததும் மாணவிகள் வந்து பார்க்கலாம். இந்தச் சோதனை 1967 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய மண்ணியலாளர் எமர்சன் வெளியிட்ட முறையைத் தழுவியது. செய்வதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. நிழலில் உலர்ந்த மண்ணில் கடலையளவு துண்டொன்றை எடுத்து, கிளாசில் இருக்கும் மழைநீரில் மெதுவாக விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்புகள் உண்மையை மறைத்துவிடும். மழைநீர் இல்லாவிட்டால் வாகன பற்றறிக்கு ஊற்றும் வடிநீர் போதும். கலக்க வேண்டாம், அசைக்க வேண்டாம். பத்து நிமிடத்தில் ஒருமுறை, இரண்டு மணித்தியாலத்தில் ஒருமுறை, மறுநாள் ஒருமுறை பாருங்கள்.

துண்டு உடையாமல் இருந்தால் மண் நன்றாகத் திரண்டிருக்கிறது. துண்டு பொலபொலவென்று சரிந்து, ஆனால் தண்ணீர் தெளிவாக இருந்தால், மணிகளைப் பிடித்து வைக்கும் பசை போதவில்லை. சேதனப் பொருள் வேண்டும். துண்டைச் சுற்றிப் பால் கலந்ததுபோலத் தண்ணீர் கலங்கினால் களித்தட்டுகளே ஒன்றையொன்று தள்ளிப் பிரிகின்றன. அங்கே சோடியத்தின் வேலை இருக்கக்கூடும். மூன்றாவது கிளாசில் வேறொன்று செய்திருக்கிறோம். இரண்டாவது கிளாசில் கலங்காமல் நின்ற அதே மண்ணை ஈரமாக்கி, விரலால் பிசைந்து உருண்டையாக்கிப் போட்டிருக்கிறோம். தண்ணீர் கலங்கியிருப்பதைக் காண்பீர்கள். மண் ஒன்றுதான். ஈரத்தில் பிசைந்தது ஒன்றே வித்தியாசம். ஈரமான களிமண்ணை உழுவதும் மிதிப்பதும் என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பரிகாரத்துக்கு வருவோம். எல்லோரும் முதலில் சொல்வது "மணல் போடு" என்பது. ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு மீற்றர் அகலம், ஐந்து மீற்றர் நீளம் உள்ள ஒரு பாத்தியை எடுங்கள். 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அதில் ஏறக்குறைய ஒரு தொன் மண் இருக்கும். அதில் பாதி களி என்று வைத்துக்கொண்டால், அந்தப் பாதியைக் காலாகக் குறைக்க இன்னுமொரு தொன் மணல் வேண்டும். ஒரே ஒரு பாத்திக்கு! நாலு கடகம் மணல் போட்டால் களித்தட்டுகள் மணலுக்கு இடையில் படிந்து, செங்கல் சூளைக்குத் தயாரானது போல இறுகும். மணல் அகழ்வால் எங்கள் ஆற்றுப் படுக்கைகள் படும் பாடு வேறு. இப்போது அதே பாத்தியில் இரண்டு சென்ரிமீற்றர் தடிப்புக்குக் கூட்டெரு பரப்ப எவ்வளவு வேண்டும்? 100 லீற்றர். 20 லீற்றர் வாளியால் ஐந்து வாளி. ஒரு வீட்டால் முடியக்கூடியது அது.

அந்த ஐந்து வாளி எரு என்ன செய்கிறது? இதை விளக்கியவர்களில் ஒரு பெண் விஞ்ஞானி இருக்கிறார். எமது மாணவிகள் அவருடைய பெயரை அறிந்திருக்க வேண்டும். ஜூடித் ரிஸ்டல் என்ற அவுஸ்திரேலியர், ஓட்ஸ் என்பவரோடு சேர்ந்து 1982 இல் எழுதிய கட்டுரையில் மண்மணிகள் படிப்படியாகத் திரள்வதைக் காட்டினார். கால் மில்லிமீற்றருக்குக் குறைந்த சின்னஞ்சிறு மணிகளை உக்கிப் பழசான சேதனப் பொருள் பிடித்து வைத்திருக்கிறது. அவை இலகுவில் குலையா. அதற்கு மேற்பட்ட பெரிய மணிகளை மெல்லிய வேர்களும் பங்கசு இழைகளும் வலைபோலக் கட்டி வைத்திருக்கின்றன. அந்த வலை உயிருள்ளது. திரும்பத் திரும்பக் கொத்தினால் அறுந்துபோகும். உணவு கிடைக்காவிட்டால் செத்துப்போகும். முளைக்கு வாசல் திறந்து வைப்பது இந்தப் பெரிய மணிகள்தான். ஆகவே எருவை ஒருமுறை அள்ளிக் கொட்டிவிட்டு ஐந்து வருடம் இருக்க முடியாது. எங்கள் வெயிலில் சேதனப் பொருள் வேகமாக உக்கித் தீர்ந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு போகமும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இது எங்களுக்குப் புதிதான அறிவும் அல்ல. பூவரசங்குழையையும் பனையோலையையும் தறைக்குள் தாட்டவர்கள் எங்கள் பாட்டன் பாட்டிமார். அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி அடைத்தவர்களும் அவர்களே. வன்னியில் வேலிக்கு வேலி கிளிரிசீடியா நிற்கிறது. அதன் குழையை வெட்டித் தாட்டால் விரைவில் உக்கும். வைக்கோல் அப்படியல்ல. பச்சை வைக்கோலை மண்ணுக்குள் புதைத்தால், அதை உக்க வைக்கும் நுண்ணங்கிகள் மண்ணிலுள்ள நைதரசனைத் தமக்கு எடுத்துவிடும். இளம் பயிர் வெளிறிப்போகும். எனவே வைக்கோலை மேலே போர்வையாகப் போடுங்கள், அல்லது எருக் கும்பியில் மாட்டெருவோடும் குழையோடும் சேர்த்து உக்க விட்ட பிறகு மண்ணில் சேருங்கள். வயல்களில் வைக்கோலைக் கொளுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. அந்தப் புகையில் போவது அடுத்த போகத்தின் முளை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி நாட்டில் ஒரே அடியாகத் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அந்தத் தடை விலக்கப்பட்டது. அந்தப் போகத்தில் பட்ட கஷ்டத்தால் "சேதனப் பசளை" என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் கமக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. யூரியா கொடுக்கும் நைதரசனை அதே அளவு விரைவாகக் கூட்டெரு கொடுக்காது. ஆனால் கூட்டெரு களிமண்ணுக்குச் செய்யும் வேலையை யூரியாவும் செய்யாது. ஒன்று பயிருக்குச் சோறு, மற்றது குடியிருக்க வீடு. சோற்றுக்குப் பதிலாக வீட்டைக் கொடுத்தது தவறு என்பதற்காக வீடே வேண்டாம் என்று இருக்கக்கூடாது.

கிளாசில் தண்ணீர் பாலாகக் கலங்கிய மண்ணுக்கு எரு மட்டும் போதாமல் போகலாம். அங்கே களித்தட்டுகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தைக் கல்சியம் கொண்டு இடம்பெயர்க்க வேண்டும். கல்சியம் தட்டுகளை ஒன்றோடொன்று நெருங்கித் திரள வைக்கும். அதற்கு உரியது ஜிப்சம், அதாவது கல்சியம் சல்பேற்று. பிரிந்த சோடியம் நல்ல தண்ணீரோடு கழுவுண்டு வெளியேற வடிகாலும் இருக்க வேண்டும். தென்னைக்குப் போடும் டொலமைற்றை இதற்குப் பதிலாகப் போட வேண்டாம். அது காரத்தன்மையைக் கூட்டும். கடலோரக் காணிகளில் இந்தச் சிக்கலை எதிர்பார்க்கலாம். ஆனால் கிளாசைப் பார்த்த உடனே ஜிப்சம் வாங்க ஓடாதீர்கள். விவசாயப் போதனாசிரியரோடு பேசி, விவசாயத் திணைக்களத்தின் மூலம் மண்ணைப் பரிசோதித்து, அளவு கேட்டுப் போடுங்கள். எமது பிள்ளைகள் சிலர் அறிவியல்நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் படிக்கிறார்கள். அவர்களையும் கேளுங்கள்.

காசு செலவில்லாத மருந்து ஒன்று உண்டு. அது பதம் பார்ப்பது. உழவுப் பதம் அறிய ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திரியாக உருட்டுங்கள். மூன்று மில்லிமீற்றர், ஏறக்குறைய நூடில்ஸ் அளவு மெல்லியதாக, முறியாமல் உருண்டு வந்தால் ஈரம் கூட. மண்வெட்டியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். அந்த அளவுக்கு வரமுன் உதிர்ந்தால் கொத்தலாம். கட்டியை விரலால் நசுக்கவே முடியாவிட்டால் காய்ச்சல் கூடிவிட்டது. இலேசாக நனைத்து ஒருநாள் பொறுக்க வேண்டும். களிமண்ணில் இந்தப் பதம் சில நாட்களே நிற்கும். ரக்ரர்க்காரர் வரும் நாளுக்கு நாம் காத்திருக்கிறோம். மண் யாருக்கும் காத்திருக்காது. வீட்டுத்தோட்டமென்றால் அந்தச் சில நாட்களை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மண்ணைப் புழுதியாக்கவும் வேண்டாம். பயறளவு, குண்டுமணியளவு மணிகள்தான் நல்ல விதைப்படுக்கை. மாவாக அரைத்த மண் முதல் மழைக்கே ஓடு கட்டும்.

மண் திருந்த இரண்டு மூன்று வருடமாகும். ஆனால் பொதி இந்த மாதம் வீட்டுக்கு வருகிறது. இந்தப் போகத்துக்கு என்ன வழி? எமது துண்டுப் பிரசுரத்தில் இருக்கப் போவது இதுதான்.

பாத்தியை உயர்த்திக் கட்டுங்கள். அகலம் ஒரு மீற்றருக்கு மேற்பட வேண்டாம். இரு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும். பாத்தியின் மேல் ஒருபோதும் கால் வைக்க வேண்டாம். ஐந்து வாளி எருவைப் பரப்பி, மேல் பத்து சென்ரிமீற்றருக்குள் விறாண்டியால் கலந்துவிடுங்கள். விதைக்கும் வரியைக் கோடாகக் கிழித்து, விதையைப் போட்டு, கிழித்த களியால் மூடாமல், உக்கிய எருவும் உமிக்கரியும் கலந்து மூடுங்கள். மற்ற இடத்தில் பொருக்குக் கட்டினாலும் முளை வரும் வரியில் கட்டாது. பயறும் உழுந்தும் மூன்று சென்ரிமீற்றர் ஆழம், கச்சான் நாலு, மிளகாயும் கத்தரியும் ஒன்று. அதைவிட ஆழம் களிமண்ணில் வேண்டாம். பயறைத் தனித்தனியே போடாமல் மூன்று விதையாகச் சேர்த்து ஊன்றினால் மூன்றும் சேர்ந்து மண்ணைத் தூக்கும், பிறகு கலைத்துவிடலாம். மேலே வைக்கோலை மண் தெரியும் அளவுக்கு மெல்லிதாகத் தூவுங்கள், அல்லது நாற்றுமேடையென்றால் கிடுகால் மூடுங்கள். துளியின் அடி அதில் விழட்டும். முளை தெரிந்த அன்று மாலையே கிடுகை எடுத்துவிடுங்கள். ஒருநாள் பிந்தினாலும் தண்டு வெளிறி நீண்டுவிடும்.

தண்ணீரைப் பூவாளியால், நுண்துளியாக விடுங்கள். வாய்க்காலில் விட்டுப் பக்கவாட்டில் ஊற விடுவது இன்னும் நல்லது. மழை பெய்து, வெயில் எறித்து, முளைக்க முன்பே பொருக்குக் கட்டிவிட்டால் கம்பியால் கிண்ட வேண்டாம். உள்ளே கழுத்துகள் இருக்கின்றன. காலையும் மாலையும் இலேசாகத் தெளித்து ஓட்டை மெதுவாக வைத்திருங்கள். ஈர ஓட்டைப் பயறு தூக்கும். காய்ந்த ஓட்டைத் தூக்காது.

கருங்களிமண்ணில் இருப்பவர்களுக்கு ஒரு ஆறுதல். அந்த மண் ஊதியும் சுருங்கியும் தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும். முதல் மழைக்குப் பிறகு மேலே இயல்பாகவே மணிமணியாகப் பொரியும். அந்தப் பொரிவை அவசரமாக உழுது குழப்பாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வெடிப்புகள் மூட முன் விதைக்க வேண்டாம். வித்து ஆழத்துக்குப் போய்விடும்.

மண்புழுவையும் மறக்கக்கூடாது. டார்வின் 1881 இல் மண்புழுக்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அது அவருடைய கடைசிப் புத்தகம். நிலத்தைப் போர்த்தி வைத்து, தேவையில்லாமல் கொத்தாமல் இருந்தால் அந்தக் கூலியில்லாத வேலையாள் தானே வரும்.

சகோதரிகளே, எங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பொதி வாங்க வரும்போது உங்கள் காணியிலிருந்து ஒரு பிடி மண்ணை, இடத்தின் பெயரை எழுதி, கடதாசிப் பையில் கொண்டுவாருங்கள். விவசாயமும் விஞ்ஞானமும் படிக்கும் மாணவிகள் கிளாசுச் சோதனையைச் செய்து முடிவை எழுதித் தருவார்கள். பொதியோடு உள்ள அட்டையில் எத்தனை விதை போட்டீர்கள், எத்தனை முளைத்தது, எத்தனையாம் நாள் என்று குறித்து அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அனுப்புங்கள். எந்த ஊர் மண்ணில் எது சரிவருகிறது என்று இரண்டு மூன்று போகத்தில் எமது கல்லூரிக்கே ஒரு கணக்கு இருக்கும். வரும் ஆண்டுகளில் பொதி கட்டுபவர்களுக்கு அது உதவும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். உங்கள் ஊரில் ஒரு அக்காவின் தோட்டத்தில் விதை முளைக்கவில்லை என்று யாராவது கதைத்தால், அந்தக் கதைக்குள் போகாதீர்கள். தோட்டத்துக்குப் போங்கள். அவரோடு குந்தியிருந்து மண்ணைக் கிளறுங்கள். என்ன கிடக்கிறது என்று பார்த்து, அதை அந்த ஊருக்குச் சொல்லுங்கள். இந்தக் கல்லூரி நூறு வருடமாகப் பெண்பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்ததன் பயன் அப்படியான இடங்களில்தான் தெரிய வேண்டும்.

கிளாசுகள் மேசையில் இருக்கின்றன, வந்து பாருங்கள்.